திருப்பிச் சொல்லும் பழக்கம்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. மஞ்சூர் பேருந்தில் வரும்போது எங்கள் பள்ளி வளைவில் நிறுத்தச் சொல்ல வேண்டும். வேறு யாராவது அங்கே இறங்கினால் எனக்கு நிம்மதி. இல்லையென்றால் நான் சொல்வது நடத்துனர் காதில் விழாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தேயிலைக் காட்டு ஓரமாகத் திரும்பி நடந்து வருவேன். ஒருமுறை நடத்துனர், "ஏனுங்க, ஒரு விசிலாவது வாங்கி வெச்சுக்கலாமில்லீங்க" என்றார். பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகும் நடந்துதான் வந்தேன்.

பத்தாவது வரை படித்திருக்கிறேன். பள்ளியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை உண்டு. அதில் எனக்கு உதவியாளர் வேலை. கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, சோறு ஊட்டுவது, வாய் துடைத்துவிடுவது, சக்கர நாற்காலி தள்ளுவது. பிள்ளைகள் எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிடுவார்கள். இந்த வேலைக்குச் சத்தம் தேவையில்லை.

அந்த அறைக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பெண் வந்தாள். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பிள்ளை. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், அப்பா இல்லை. பிறக்கும்போது மூளைக்குக் காற்று போகாமல் இருந்துவிட்டதாம். கைகால்கள் அவள் சொன்னபடி கேட்காது. பேனாவைக் கையில் கொடுத்தால் அது அறையின் அந்தப் பக்கம் போய் விழும். பேச்சு இழுத்துக்கொண்டு, மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொண்டு வரும். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ வலியில் கத்துகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அது எனக்குப் புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. புரிந்தபிறகு மற்றவர்கள் பேச்சுக்கும் அவள் பேச்சுக்கும் என் காதில் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. இங்கே அவள் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் எனக்குக் கேட்டபடிதான்.

எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. பேச்சு தெளிவில்லாத பிள்ளை ஏதாவது சொன்னால், நமக்குப் புரிந்ததை அதனிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் பிள்ளை தலையாட்டும். இல்லாவிட்டால் மறுபடி சொல்லும். புரியாமலே புரிந்ததுபோல் சிரித்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நாளாக ஆக, திருப்பிச் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வாய் அதைச் செய்யப் பழகிவிட்டது. என் வாய்தான், அதனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் வந்தார். நல்ல மனிதர். புரிந்தவரைக்கும் எழுதினார். அவள் ஐந்து வரி சொன்னால் தாளில் ஒரு வரி ஏறியது. எல்லாப் பாடத்திலும் மயிரிழையில் தப்பித்தாள். தமிழ்ப் பாடப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள், அதிலும் அப்படித்தான்.

"அந்த சார் பாஸாயிட்டார்" என்றாள், மதிப்பெண் வந்த அன்று. "நான் இன்னும் எழுதவே இல்ல, ஆயாம்மா."

பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்து ஊட்டிக் கல்லூரியில் தமிழ் படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அது இல்லையென்றால் என்ன என்பது அவளுக்கும் தெரியும். அம்மா காலையில் தேயிலைக் காட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதுவரை லைன் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில்தான் பேசினால் எழுதும் மென்பொருள் வந்தது. சிறப்பாசிரியை குன்னூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். சின்ன வயது, வேகமான பேச்சு. ஒருநாள் லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்து வைத்து, "காலை வணக்கம்" என்றார். திரையில் காலை வணக்கம் என்று எழுத்து வந்தது. அவள் நாற்காலியோடு சேர்ந்து ஆடினாள். இணையம் இல்லாமலே வேலை செய்யும், அதனால் தேர்வு அறையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம் என்றார் டீச்சர். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள், அவர்களுக்குத் திருப்தியானால் போதும்.

முதலில் ஒன்றும் வரவில்லை. தலையில் மாட்டும் மைக்கை மாட்டினோம். அவள் பேசப் பேசத் திரை வெள்ளையாகவே இருந்தது. எப்போதாவது தொடர்பில்லாத ஒரு சொல் வந்து நிற்கும். மென்பொருளுக்குக் குரல் பழக நாளாகும், விடாமல் பேச வேண்டும் என்றார் டீச்சர். பேசும்போது அவள் தலை ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். மைக் கழன்று மடியில் விழும். எத்தனை முறைதான் மாட்டுவது? கடைசியில் டீச்சர் மேசையில் வைக்கும் சின்ன மைக் ஒன்றை வாங்கி வந்து முன்னால் நிறுத்தினார். அவள் உடம்பு ஆடாமல் இருக்க நான் இடது பக்கம் நெருங்கி உட்கார்ந்து தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் எதிர்ப்பக்கம் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த மாதத்திலிருந்து எழுத்து வர ஆரம்பித்தது.

"பழகிருச்சு அக்கா, உங்க பொண்ணு குரல் அதுக்குப் பழகிருச்சு" என்றார் டீச்சர். தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு வர்க்கி வாங்கி வரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். நான் ஒன்றை டீயில் நனைத்து அவளுக்கு ஊட்டினேன்.

தேர்வுக்கு எழுத்துத் தமிழில்தான் விடை வேண்டும். நாம் பேசுவதுபோல் பேசினால் அது அப்படியே எழுதிவிடும். அதனால் அவள் புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசிப் பழகினாள். பழக்கம் வீடுவரை போனது. ஒரு சாயங்காலம் அவளை அழைத்துப் போக வந்த அம்மா என்னிடம் முறையிட்டார். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், பேச்சில் அந்த வாடை இருக்கும்.

"அக்கா, இந்தப் புள்ளைக்கு என்னா படிச்சுக் குடுக்கிறீங்க? ராத்திரி சோறு கேக்குது, 'எனக்குப் பசிக்கிறது, உணவு அளியுங்கள்'னு. லைன்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. ரேடியோ பொட்டியப் பெத்து வச்சிருக்கேன்னு சொல்றாங்க."

"அன்னையே, தாங்கள் சற்று அமைதியாக இருங்கள்" என்றாள் அவள். நான் திருப்பிச் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மழைக்காலம் என்ற தலைப்பில் அவள் ஒரு கட்டுரை சொன்னாள். அதில் அவள் அம்மா வருவார். மழையில் கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள், முரட்டுச் சாக்குத் துணி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்துக் கதவில் தொங்கவிட்டால், அம்மா கட்டிலில் படுத்த பிறகும் அந்தப் படங்கு இடுப்பின் வளைவோடு நின்றுகொண்டே இருக்கும், அதிலிருந்து விடியும்வரை மழை சொட்டும் என்று சொல்லியிருந்தாள். திரையில் அது முழுதாக வந்ததும் டீச்சர் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிச் சில மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். வயதான அம்மையார், ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்தியிருந்தார். அவளிடம் அன்பாகப் பேசினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்கம்மா. எக்ஸாம் ஹால்ல உங்களுக்கு இடம் கிடையாதில்ல" என்றார். தோளைப் பிடித்துக்கொள்ள டீச்சர் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. மழைக்காலக் கட்டுரையை அவள் ஆரம்பித்தாள். நன்றாகச் சொன்னாள், எங்கேயும் தடுமாறவில்லை. எட்டிப் பார்த்தேன். திரை வெள்ளையாக இருந்தது.

"பயந்துட்டா மேடம்" என்றார் டீச்சர். "எப்பவும் அக்கா பக்கத்துல இருப்பாங்க."

"சரி, அவங்களே வந்து உட்காரட்டும்."

போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். திரையில் வரிவரியாக எழுத்து வந்தது. டீச்சர் முகம் மலர்ந்தது. ஆனால் அதிகாரி திரையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "நீங்க ஒண்ணும் சொல்லாம உட்காருங்க பார்க்கலாம்."

நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் அடுத்த வரியைச் சொன்னாள். எழுத்து நின்றுவிட்டது. அதையே திரும்பவும் சொன்னாள், சத்தத்தைக் கூட்டிச் சொன்னாள். அதன்பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். தலையைத் தான் நினைத்த பக்கம் திருப்புவது அவளுக்குச் சுலபமில்லை. திருப்பிப் பார்த்தாள்.

மென்பொருளில் பேசியது பதிவாகியிருக்கும். டீச்சர் அதைப் போட்டுக் காட்டினார். முதலில் அவள் குரல் வந்தது. அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குரல் அதையே சொன்னது. தாழ்ந்த குரல்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. என் குரலை அதுவரை நான் வெளியிலிருந்து கேட்டதில்லை. அது இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று யாரும் சொன்னதும் இல்லை. இத்தனை மாதமாக மென்பொருள் அவள் குரலை வெறும் சத்தம் என்று ஒதுக்கிவிட்டு, என் குரலைத்தான் எழுதியிருக்கிறது. டீச்சர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. நான் பேசுவது மனிதர்கள் யாருக்கும் கேட்காது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே.

அதிகாரி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவள் கன்னத்தைத் தொட்டு, "நல்லா படிம்மா" என்றார். டீச்சரிடம் தேர்வுக்குள் சரியானால் சொல்லச் சொல்லிவிட்டு, மூடுபனி இறங்குவதற்குள் போக வேண்டும் என்று ஜீப்பில் ஏறினார்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் அவள்தான் முதலில் பேசினாள். "ஆயாம்மா கட்டுரை நல்லா எழுதறாங்க."

நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று டீச்சர் என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒரு வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபிறகு மறுபடி தொடங்கினோம். அவள் பேசும்போது என் வாய் தானாக அசையும். அதனால் டீச்சர் எனக்கு இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். நான் மிட்டாயோடு தோளைப் பிடித்திருப்பேன், அவள் பேசுவாள், திரை வெள்ளையாக இருக்கும். தலையில் மாட்டும் மைக்கைத் துணியால் கட்டிப் பார்த்தோம். மெதுவாகப் பேசச் சொன்னோம், வேகமாகப் பேசச் சொன்னோம். ஒரு சொல், பிறகு ஒரு சொல் என்று பிரித்துச் சொல்லச் சொன்னோம். தொண்டை கட்டிப்போய் அவள் குரல் இன்னும் மோசமானது. டீச்சர் மென்பொருள் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டார். இப்படிப் பேசுகிறவர்களுக்கென்று தனியாகப் பழக்கலாம், ஆனால் நிறையப் பேர் குரல் வேண்டும், தமிழில் இன்னும் அதற்கு வேலை தொடங்கவில்லை என்று பதில் வந்தது. இருந்தாலும் வாரக்கணக்கில் அவளைப் படிக்கவைத்துப் பதிவு செய்து அனுப்பினார். பெற்றுக்கொண்டோம், நன்றி என்று பதில் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் பனியில் டீச்சரை நெல்லியாளம் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்களே. லேப்டாப் அவர் பெயரில் கொடுத்தது, அவரோடு போயிற்று. போகும்போது அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், பஸ் போயிரும்" என்றாள் அவள். நான் திருப்பிச் சொன்னேன். டீச்சர் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். தேர்வில் அவளுக்காக நானே எழுதுகிறேன், எனக்கு அவள் பேச்சு முழுவதும் புரியும், என் கையெழுத்தும் படிக்கும்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"என்னங்க சொல்றீங்க? காதுல விழலைங்க" என்றார். மறுபடி சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களை எப்படிங்க போடறது? நீங்க இதே ஸ்கூல் ஆளு. வேற இடத்திலிருந்து, புள்ளையத் தெரியாதவங்களாத்தான் போடுவாங்க. ரூல் அப்படி."

"தெரியாதவங்களுக்குப் புரியாதுங்களே."

"புரியாதுதான்" என்றார். என்னைவிட அவருக்குத்தான் அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்திருக்கும். "உட்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

தமிழ்த் தேர்வன்று அவளுக்குக் கடைசியில் இருக்கும் தனி அறையைக் கொடுத்தார்கள். இடையில் கழிப்பறைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதால் நான் வெளித் தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூலில் இருக்கலாம் என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு சில்லு உடைந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்டது. எழுத வந்தவர் இளம் பெண், பொறுமைசாலி. ஒருமுறைகூட சலித்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் விடையை முழுதாகச் சொன்னாள். ஸ்டூலில் இருந்தபடி எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

இப்போது பாதியாகக் குறைத்துச் சொன்னாள். பிறகு இரண்டு சொல்லாக. எழுத வந்த பெண் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். சரி என்று அவள் ஓசை எழுப்பினாள். இப்படியே போனது. எது அந்தப் பெண்ணுக்குப் புரியும் என்று போகப் போக அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலிலேயே சின்னதாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

கட்டுரை வந்தது. தலைப்புகளில் ஒன்று மழையைப் பற்றியது. படங்கு கதவில் தொங்குவதை அவள் சொல்லத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்த வாக்கியம் அது. என் வாய் அசைந்தது. கண்காணிப்பாளர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் சால்வை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அவள் மூன்றுமுறை சொன்னாள். நான்காவது முறை வாக்கியத்திலிருந்து அம்மாவை விட்டுவிட்டாள். அடுத்தமுறை படங்கை விட்டாள். கடைசியில் உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல், சந்தோஷமாக, தெளிவாக வந்தது.

"மழை நல்லது. அதானே சொன்ன? மழை நல்லது."

அவள் ஆமாம் என்றாள்.

தேர்வு முடிந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினேன். பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடிக்காவிட்டால் அந்தச் சரிவில் நாற்காலி ஓடிவிடும்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"புரிஞ்சுதா?"

"எல்லாம் புரிஞ்சுது."

"உங்களுக்குப் புரிஞ்சு என்ன பண்றது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்ன பண்ணலாம் என்று நிஜமாகக் கேட்பதுபோல இருந்தது. நான் பிடியை விடாமல் இறங்கினேன்.

தமிழில் மட்டும் அவள் தேறவில்லை. மறுதேர்வு எழுதலாம் என்று சொல்லி அனுப்பினார்கள், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருப்பார். நான் ஜன்னலோரம் அவள் பக்கத்தில் உட்காருவேன். எழுத்துத் தமிழ் போய்விட்டது, லைனில் பேசுவதுபோலத்தான் பேசுகிறாள். பேசுவதும் குறைந்துவிட்டது. ஏதாவது சொன்னால் பழக்கத்தில் என் வாய் திருப்பிச் சொல்லும். முன்பெல்லாம் தலையாட்டுவாள். இப்போது சரியாகச் சொன்னேனா, தப்பாகச் சொன்னேனா என்றுகூடப் பார்ப்பதில்லை. நான் சொல்லி முடிக்கும்போது அவள் ஏற்கெனவே வெளியே, காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.